மரம் நட்டால் மண் வளமாகுமா? சவுக்கு முதல் தைலமரம் வரை... எது கொடுக்கும், எது எடுக்கும்? முழு விளக்கம்

"மரத்தை நட்டு விடுங்க, மண்ணு தானா செழிச்சிடும்" என்பார் ஒருவர். "ஆர்.எஸ்.பதி போட்ட நிலத்துல அப்புறம் புல்லுகூட முளைக்காது" என்பார் இன்னொருவர். டீக்கடையில் தொடங்கி வேளாண் அலுவலகம் வரை இந்த வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை.

கூலி ஆள் கிடைக்கவில்லை, தண்ணீர் போதவில்லை என்று நெல், கடலையை விட்டுவிட்டு மரப்பயிருக்கு மாறும் விவசாயிகள் தமிழ்நாட்டில் ஏராளம். சவுக்கு போட்டால் 3, 4 ஆண்டில் காசு. தைலமரம் போட்டால் 5 ஆண்டுக்குள் காகித ஆலைக்கு லோடு ஏற்றலாம். ஆனால் நான்கு முறை வெட்டிய பிறகு அந்த நிலத்தில் மறுபடி கடலையோ உளுந்தோ விளையுமா? பிள்ளைகளுக்குக் கைமாறும்போது அந்த மண் எந்த நிலையில் இருக்கும்?

இந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ பதில் சொல்ல முடியாது. எந்த மரம், எந்த மண், எப்படி வெட்டி எடுக்கிறோம் என்ற மூன்றும் சேர்ந்துதான் பதிலைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காடு செழிப்பா இருந்தா, மண்ணும் செழிப்பா இருக்குமா?

வானத்தை மறைக்கும் மழைக்காட்டைப் பார்த்தால், அடியில் இருக்கும் மண் பொன் விளையும் மண் என்றுதான் தோன்றும். ஆனால் வெப்பமண்டலக் காடுகளில் பெரும்பாலும் கதை தலைகீழ்.

லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையும் வெயிலும் பட்டதில், அமேசான் போன்ற இடங்களின் பழைய செம்மண்ணில் இருந்த சுண்ணாம்புச்சத்தும் சாம்பல் சத்தும் கரைந்து அடித்துச் செல்லப்பட்டுவிட்டன. மிச்சமிருக்கும் மணிச்சத்தையும் மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வேருக்கு எளிதில் கிடைக்காது.

அப்படியென்றால் காடு எதைத் தின்று வளர்கிறது? தன்னையே! இலை உதிர்கிறது, சில மாதங்களில் மட்குகிறது, அதிலிருந்து வெளிவரும் சத்தை மேல்மண்ணில் வலைபோலப் பரவியிருக்கும் வேர்களும் அவற்றோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகளும் உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. சத்தின் பெரும்பகுதி மரங்களிலும் மேல்மண்ணிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் சிறு வரவும் உண்டு. சஹாரா பாலைவனத்திலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி வரும் புழுதி, ஆண்டுக்கு சுமார் 22,000 டன் பாஸ்பரஸை அமேசானில் கொண்டுவந்து சேர்ப்பதாக 2015-ல் நாசா செயற்கைக்கோள் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். மழையில் அமேசான் இழக்கும் பாஸ்பரஸும் ஏறக்குறைய அதே அளவுதான். பாலைவனத்துப் புழுதியில்தான் ஒரு மழைக்காட்டின் கணக்கு நேராகிறது!

காட்டை வெட்டி எரித்துப் பயிர் வைத்தால் முதல் இரண்டு, மூன்று ஆண்டு நன்றாக விளைவதும், பிறகு மண் 'செத்துப்போவதும்' இதனால்தான். சாம்பலில் இருந்த சத்து தீர்ந்ததும் கையிருப்பு காலி. அப்படிக் கைவிடப்பட்ட நிலத்தில் மறுபடி மரம் நட்டால், போன வளம் திரும்புமா என்பதுதான் விஞ்ஞானிகளின் கேள்வியும்.

நட்ட மரம் மண்ணுக்கு என்ன செய்கிறது?

மரத்தின் வேலையை வரவு, செலவு என்று பிரித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

வரவுப் பக்கம்:

* உதிரும் இலை, சுள்ளி, பூ, காய் ஆகியவை மட்கி மண்ணில் கரிமச்சத்து சேர்கிறது.
* கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வேர்கள் ஆண்டுதோறும் செத்து, புதிதாக முளைக்கின்றன. செத்த வேர்களும் உரம்தான். மண்ணுக்குள்ளேயே மட்குவதால் இதன் பங்கு பெரிது.
* வேர் போன வழியில் மண் இளகுகிறது. மழைநீர் உள்ளே இறங்குகிறது.
* நிழலால் மண்ணின் சூடு குறைகிறது. மண்புழு, கறையான், நுண்ணுயிர்கள் பெருகுகின்றன.
* ஆழத்தில் பயிர் வேருக்கு எட்டாத சத்தை மரத்தின் வேர் உறிஞ்சி, இலை வழியாக மேல்மண்ணில் போடுகிறது.
* சில மரங்கள் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கின்றன.

செலவுப் பக்கம்:

* வளரும் மரம் மண்ணிலிருந்து சத்தை எடுத்துத் தன் உடம்பில் சேமிக்கிறது. வேகமாக வளர்ந்தால் வேகமாக எடுக்கும்.
* சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் போன்றவற்றை வேர் உறிஞ்சும்போது பதிலுக்கு அமிலத்தன்மையை மண்ணில் விடுகிறது. மண் மெல்ல மெல்லப் புளிக்கிறது.
* மரத்தை வெட்டி லாரியில் ஏற்றினால், அதில் இருந்த சத்தும் சேர்ந்தே ஊரைவிட்டுப் போகிறது.

மரம் அதே இடத்தில் நின்று, உதிர்ந்து, மட்கினால் எடுத்தது திரும்ப வந்துவிடும். வெட்டி எடுத்துக்கொண்டு போனால்தான் கணக்கில் துண்டு விழுகிறது.

காற்றிலிருந்து உரம்: சவுக்கு செய்யும் வேலை

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் அதைப் பயிரால் நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. கிளைரிசிடியா, சூபாபுல், அகத்தி போன்ற பயறு வகைக் குடும்பத்து மரங்களின் வேரில் முடிச்சுகள் இருக்கும். அதற்குள் வாழும் ரைசோபியம் வகைப் பாக்டீரியா, காற்று நைட்ரஜனை மரம் சாப்பிடும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. கூலியாக மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது.

சவுக்கு பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது அல்ல. ஆனாலும் இதே வித்தை அதற்கும் தெரியும். அதன் வேர் முடிச்சில் இருப்பது ஃபிராங்கியா என்ற வேறு வகைப் பாக்டீரியா. கடற்கரை மணலில், எருவே காணாத இடத்தில் சவுக்கு விறுவிறுவென வளர்வதற்கு இதுவே முக்கியக் காரணம். வேருடன் கைகோக்கும் பூஞ்சைகளும் அதற்கு மணிச்சத்தைத் தேடிக் கொடுக்கின்றன.

எவ்வளவு சேரும்? மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில், டகார் பகுதிக் கடற்கரை மணலில் நட்ட சவுக்குத் தோப்பில் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் 58 கிலோ நைட்ரஜன் சேர்ந்ததாக 1960-களில் கணக்கிட்டார்கள். ஏக்கருக்குப் பார்த்தால் ஏறக்குறைய 23 கிலோ. யூரியாவில் 46 சதவீதம்தான் நைட்ரஜன் என்பதால், இது 50 கிலோ யூரியாவுக்குச் சமம். இன்றைய 45 கிலோ மூட்டைக் கணக்கில் ஒரு மூட்டைக்கும் கொஞ்சம் அதிகம்.

ஆனால் இதில் ஒரு 'ஆனால்' இருக்கிறது. அந்தத் தழைச்சத்து முதலில் மரத்துக்குள்தான் போகிறது. இலை உதிர்ந்து மட்கினால்தான் மண்ணுக்கு வரும். கடலோர கிராமங்களில் சவுக்குச் சருகைக் கூட்டி அள்ளி அடுப்பெரிக்கிறார்கள். அறுவடையின்போது கட்டை, மிலாறு மட்டுமல்ல, வேர்க்கட்டையையும் தோண்டி விறகுக்கு விற்றுவிடுவார்கள். அப்போ மண்ணுக்கு மிச்சம் என்ன? மரம் கொடுத்ததை மனிதர் எடுத்துவிட்டால் மரத்தின் மேல் பழி போட முடியாது.

இலை கொட்டினால் போதுமா?

போதாது. எந்த இலை என்பது முக்கியம்.

இலையை மட்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து தேவை. இலையில் கரிமம் அதிகமாகவும் நைட்ரஜன் மிகக் குறைவாகவும் இருந்தால், அவை மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நைட்ரஜனைத் தங்களுக்கு எடுத்துக்கொள்ளும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25, 30 பங்குக்கு மேல் கரிமம் போனால் இந்தச் சிக்கல் தொடங்கும். காய்ந்த சருகை உழுதுவிட்டு உடனே பயிர் வைத்தால் இலை மஞ்சளிப்பது இதனால்தான்.

கிளைரிசிடியாவின் பச்சை இலையில், உலர் எடையில் 3 முதல் 4 சதவீதம் வரை நைட்ரஜன் இருக்கும். மென்மையான இலை. சில வாரங்களிலேயே மட்கிப் பயிருக்குச் சத்தைக் கொடுத்துவிடும். வயல் வரப்பில் நட்டு, கிளையைக் கழித்து, நடவுக்கு முன் சேற்றில் மிதிப்பது தமிழ்நாட்டு விவசாயிகளுக்குப் பழக்கமான வேலை. இலங்கையில் இதைச் சீமைக்கிளுவை என்பார்கள். அங்கே தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப் பயிராகவே அதை அறிவித்திருக்கிறார்கள்.

தைலமர இலை இதற்கு நேர் எதிர். தோல்போலத் தடித்தது, எண்ணெய்ப் பசை உள்ளது, தழைச்சத்து குறைவு. மட்க நாளாகும். சவுக்குச் சருகும் மெதுவாகத்தான் மட்கும்.

மெதுவாக மட்குவது கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். வேகமாக மட்கும் இலை இந்தப் பருவத்துப் பயிருக்கு உரம். மெதுவாக மட்கும் இலை மண்ணுக்குப் போர்வை. வெயிலில் மண் காயாமல், மழையில் கரையாமல் காக்கும். இரண்டும் வேண்டும்.

ஒரே மண், வேறு வேறு மரம்: கோஸ்டா ரிகா சோதனை

"இந்த இடத்து மண்ணு நல்லா இருக்கறதால மரம் நல்லா வளர்ந்துச்சா, இல்ல மரத்தால மண்ணு நல்லா ஆச்சா?" இது பழைய குழப்பம். இதைத் தீர்க்க ஒரே வழி, ஒரே மாதிரி நிலத்தில் வேறு வேறு மரங்களை நட்டுப் பார்ப்பதுதான்.

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவின் லா செல்வா ஆய்வு மையத்தில் அதைத்தான் செய்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம். காட்டை அழித்து மாடு மேய்த்து, பிறகு கைவிட்ட நிலம். 1980-களின் இறுதியில் அங்கே பாத்தி பாத்தியாகப் பல வகை மரங்களை நட்டார்கள்.

விளைவு? மாடுகள் மிதித்து இறுகிப்போன மண், மரங்களின் கீழ் சில ஆண்டுகளிலேயே இளக ஆரம்பித்தது. ஒரு தலைமுறை காத்திருக்கத் தேவையில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் எல்லா மரமும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. 15 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அடுத்தடுத்த பாத்திகளிலேயே மண்ணின் கரிமச்சத்தும் அமிலத்தன்மையும் மரத்துக்கு மரம் மாறியிருந்தன. மழையும் மண்ணும் ஒன்றுதான். வித்தியாசம் மரம் மட்டுமே.

ஆப்பிரிக்காவின் 'தலைகீழ்' மரம்

மழைக்காலத்தில் இலை உதிர்த்து, கோடையில் பச்சைப் பசேலென நிற்கும் மரத்தைப் பார்த்ததுண்டா? ஆப்பிரிக்காவின் ஃபைடெர்பியா அல்பிடா அப்படிப்பட்டது. வேலமரக் குடும்பத்து முள்மரம்.

மழை தொடங்கும்போது, அதாவது மக்காச்சோளம், கம்பு விதைக்கும் நேரத்தில், இலையைக் கொட்டிவிடும். பயிருக்கு நிழலும் விழாது, தண்ணீருக்குப் போட்டியும் குறைவு, மேலே உரமும் கிடைக்கும். கோடையில் அதன் காய் ஆடு மாடுகளுக்குத் தீவனம். நிழலுக்கு ஒதுங்கும் மாடு சாணத்தையும் அங்கேயே போட்டுவிட்டுப் போகும். மலாவி, ஜாம்பியா, நைஜர் நாடுகளில் இந்த மரத்தடியில் பயிர் செழிப்பாக இருப்பதை விவசாயிகள் தலைமுறைகளாக அறிவார்கள். நைஜரில் 1980-களின் நடுவிலிருந்து, தானாக முளைக்கும் இது போன்ற மரங்களை வெட்டாமல் விட்டே சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலத்துக்கு மரப்போர்வை திரும்பியிருக்கிறது.

இன்னொன்று, நமக்குத் தெரிந்த சித்தகத்தி. உரம் வாங்க வசதியில்லாத மேற்கு கென்யா, கிழக்கு ஜாம்பியா விவசாயிகளின் நிலத்தில் 1990-களில் உலக வேளாண் காடு வளர்ப்பு மையம் இதைச் சோதித்தது. நிலத்தைச் சும்மா தரிசாகப் போடாமல், இரண்டு ஆண்டு சித்தகத்தியை வளர்த்து, வெட்டி, அதே மண்ணில் இலையைச் சேர்த்தார்கள். காற்றிலிருந்து எடுத்த தழைச்சத்து ஒருபுறம். மக்காச்சோள வேருக்கு எட்டாத ஆழத்தில் தேங்கிக் கிடந்த நைட்ரேட்டையும் அதன் வேர் மேலே இழுத்து வந்தது. அடுத்த சில பருவங்களுக்கு மக்காச்சோள விளைச்சல் நன்றாகவே உயர்ந்தது. அந்த மையத்துக்கு அப்போது தலைமை வகித்த மண் விஞ்ஞானி பெட்ரோ சான்செஸுக்கு 2002-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

தைலமரம் உண்மையிலேயே மண்ணைக் கெடுக்குமா?

அதிகம் திட்டு வாங்கும் மரம் இதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து 1843-ல் நீலகிரிக்கு வந்தது. மலையில் கற்பூர மரம், சமவெளியில் தைலமரம், ஆர்.எஸ்.பதி என்று பெயர்கள் பல. கர்நாடக அரசு 2017-ல் புதிதாக யூகலிப்டஸ் நடத் தடை விதித்தது. அதற்கு முக்கியக் காரணம் நிலத்தடி நீர்.

மண்வளம் என்று மட்டும் பார்த்தால், தைலமரம் விஷம் அல்ல. புல் பூண்டு முளைக்காததற்கு அதன் இலையிலிருந்து கசியும் வேதிப்பொருள்கள் ஒரு காரணம். மேல்மண்ணின் ஈரத்தை அது வேகமாக உறிஞ்சிவிடுவதும் வறண்ட இடங்களில் பெரிய காரணம். எண்ணெய்ச் சருகு படிந்த காய்ந்த மேல்மண்ணில் தண்ணீர் ஒட்டாமல் ஓடுவதும் உண்டு.

உண்மையான சிக்கல் அறுவடைக் கணக்கில் இருக்கிறது. 30 ஆண்டில் தேக்கை ஒருமுறை வெட்டுவோம், சில இடங்களில் அதுவும் இல்லை. 5 ஆண்டுக்கு ஒருமுறை என்றால் தைலமரத்தை அதே காலத்தில் 6 முறை வெட்டுவோம். நட்ட கன்றை வெட்டியதும் கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும். அதையும் வெட்டுவோம். ஒவ்வொரு முறையும் சாம்பல் சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மணிச்சத்தும் லாரி ஏறிப் போகும். தைலமரத்துக்கு வேர் முடிச்சும் கிடையாது. இழந்த தழைச்சத்தைக்கூட அதனால் காற்றிலிருந்து ஈடுகட்ட முடியாது.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம். மரத்தில் சத்து எல்லா இடத்திலும் சமமாக இல்லை. எடையில் பெரும் பங்கு கட்டைதான். ஆனால் அதில் சத்து குறைவு. எடையில் சிறு பங்கான இலை, சுள்ளி, பட்டையில்தான் சத்து அடர்த்தியாக இருக்கிறது. சுண்ணாம்புச்சத்து குறிப்பாகப் பட்டையில் குவிந்திருக்கும். அப்படியென்றால் கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, பட்டையையும் தழையையும் நிலத்திலேயே விட்டால்?

இதைத்தான் பன்னாட்டு வன ஆராய்ச்சி மையமான சிஃபோர், 1990-களில் பிரேசில், காங்கோ, தென்னாப்பிரிக்கா, இந்தோனேசியா, வியட்நாம், கேரளம் எனப் பல இடங்களில் சோதித்தது. ஒரு பாத்தியில் எல்லாவற்றையும் வாரி எடுத்தார்கள். இன்னொன்றில் கட்டையை மட்டும் எடுத்தார்கள். காங்கோவின் பாயிண்ட் நுவார் அருகே உள்ள வெறும் மணல் நிலத்தில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் வாரிய இடத்தில் அடுத்த சுற்று மரங்களின் வளர்ச்சி படுத்துவிட்டது. வளமான மண்ணில் இந்த வித்தியாசம் குறைவு. ஏழை மண்ணுக்குத்தான் அடி பலமாக விழுகிறது.

அதே காங்கோவில் தைலமரத்தோடு வேலமர இனமான அகேசியா மாஞ்சியத்தைக் கலந்து நட்டபோது, மண்ணின் தழைச்சத்து மேம்பட்டதையும் பார்த்தார்கள்.

தேக்கு: நிழல் தரும், மண்ணைக் காக்குமா?

கேரளத்தின் நிலம்பூரில் 1840-களில் மலபார் கலெக்டர் கனோலி காலத்தில் தேக்குத் தோட்டம் தொடங்கியது. 1846-ல் நட்ட கனோலி தோட்டம் இன்றும் நிற்கிறது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று பெயர் பெற்றது.

தேக்குக்குச் சுண்ணாம்புச்சத்து நிறைய வேண்டும். உதிரும் இலையிலும் அது நிறையவே இருக்கும். ஆகவே இலை மட்கினால் மண்ணுக்கு நல்லதுதான். சிக்கல் வேறு இடத்தில். தேக்கின் பெரிய இலையில் மழைநீர் சேர்ந்து, பெரிய பெரிய சொட்டாக உயரத்திலிருந்து விழும். கீழே செடி கொடியோ சருகோ இருந்தால் கவலையில்லை. கோடைத் தீயில் சருகு எரிந்து, கீழே மண் வெறுமையாக இருந்தால் அந்தச் சொட்டு மண்ணை அடித்துக் கரைத்துவிடும். சரிவான நிலத்தில் மேல்மண்ணே போய்விடும்.

மரம் இருந்தால் மண் அரிக்காது என்று நாம் நம்புகிறோம். மண்ணைக் காப்பது மேலே இருக்கும் கிளை அல்ல, கீழே கிடக்கும் சருகும் புல்லும்தான்.

தழைச்சத்து கூடினாலும் ஆபத்தா?

ஆமாம், அதுவும் நடக்கிறது.

அமெரிக்காவின் ஹவாய் தீவில் 1980-களில் யூகலிப்டஸையும், காற்றிலிருந்து தழைச்சத்து சேர்க்கும் அல்பீசியாவையும் வேறு வேறு விகிதத்தில் கலந்து நட்டுப் பார்த்தார்கள். அல்பீசியா கூடக் கூட மண்ணில் நைட்ரஜன் கூடியது. யூகலிப்டஸும் நன்றாக வளர்ந்தது. ஆனால் அல்பீசியா அதிகம் இருந்த இடத்தில் மண்ணின் அமிலத்தன்மை கூடியது. வேருக்குக் கிடைக்கும் மணிச்சத்து குறைந்தது. ஏன்னு கேட்டா, தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்கலாம். மணிச்சத்தை அப்படி எடுக்க முடியாது. அது பாறையிலிருந்தும் மட்கிலிருந்தும்தான் வரவேண்டும். ஒரு சத்து கூடினால் மரம் வேகமாக வளரும், அடுத்த சத்தைச் சீக்கிரம் காலி செய்யும்.

நீலகிரி, பழனி மலைகளில் இன்னொரு பாடம் இருக்கிறது. தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவரப்பட்ட சீகை மரம், அதாவது வாட்டில், தழைச்சத்து சேர்க்கும் மரம். ஆனால் அங்கிருந்த புல்வெளிகள் ஏழை மண்ணில் வாழப் பழகியவை. அந்த மண்ணை 'வளமாக்குவது' புல்லுக்கு உதவி அல்ல, எதிரிக்கு இடம் கொடுப்பது. வாட்டில் பரவிய இடத்தில் சோலைப் புல்வெளி சுருங்கிப்போனது.

சமவெளியில் இதற்கு ஒப்பானது சீமைக் கருவேலம். அதன் நிழலில் மண்ணை எடுத்துச் சோதித்தால் கரிமச்சத்தும் தழைச்சத்தும் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருக்கும். வட இந்தியாவின் களர் நிலங்களைத் திருத்தக்கூட இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காரத்தன்மை குறைந்ததும் உண்மை. ஆனால் கண்மாயும் மேய்ச்சல் நிலமும் முள்காடாக மாறினால், மண்ணில் சேர்ந்த வளம் யாருக்குப் பயன்? மண்வளம் என்பதை ஆய்வக எண்ணாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு மரமும் சாட்சி.

அப்போ விவசாயி என்ன செய்யலாம்?

மரப்பயிர் போட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

* மண் பரிசோதனை முதலில்: 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் கார அமில நிலை, கரிமச்சத்து, தழை, மணி, சாம்பல் சத்து உள்பட 12 விஷயங்களைச் சோதித்துத் தருகிறார்கள். நடும் முன் ஒருமுறை, ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஒருமுறை பார்த்தால்தான் கணக்கு தெரியும்.
* கட்டையை எடுங்க, தழையை விடுங்க: இலை, நுனிக்கிளையை நிலத்திலேயே பரப்பிவிடுங்கள். பட்டையை முடிந்தவரை வயலிலேயே உரித்துப் போடுங்கள்.
* தீ வைக்காதீர்கள்: சருகைக் கொளுத்தினால் தழைச்சத்து புகையாகப் போய்விடும். மிச்சச் சாம்பலை முதல் மழையே அடித்துச் சென்றுவிடும்.
* கலந்து நடுங்கள்: தைலமரம் மட்டும் என்றில்லாமல், வேர் முடிச்சுள்ள மரத்தையும் வரிசை மாற்றி நடலாம். வரப்பில் கிளைரிசிடியா, அகத்தி செலவில்லாத உரம்.
* முதல் ஆண்டில் ஊடுபயிர்: சவுக்கு சிறிதாக இருக்கும்போது மணிலா, உளுந்து போடலாம். வருமானமும் உண்டு, மண்ணும் வெறுமையாகக் கிடக்காது.
* நாற்றிலேயே கவனம்: புதிய இடத்துக்குக் கொண்டுபோகும் சவுக்கு நாற்றின் வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஃபிராங்கியா நுண்ணுயிர் உரம் கேட்டு இடலாம்.
* எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள்: நெல்லுக்கு உரம் வைப்பவர்கள் மரத்துக்கு வைப்பதில்லை. அடிக்கடி வெட்டும் மரமும் பயிர்தான். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும். தொழு உரம் கிடைத்தால் இன்னும் நல்லது.
* இடைவெளி விடுங்கள்: நாலைந்து சுற்று தொடர்ந்து ஒரே மரம் என்றில்லாமல், நடுவில் பயறு வகைப் பயிரோ பசுந்தாள் உரமோ போட்டு மண்ணுக்கு மூச்சு விட நேரம் கொடுங்கள்.

கடைசியில் கணக்கு என்ன?

நட்ட மரம் மண்ணை மீட்கும் என்பதற்கு கோஸ்டா ரிகாவும் கென்யாவும் நைஜரும் சாட்சி. அதே மரம் மண்ணைச் சுரண்டும் என்பதற்குக் காங்கோவின் மணல் நிலம் சாட்சி. இரண்டு இடத்திலும் மரம் செய்தது ஒரே வேலைதான். சத்தை எடுத்துத் தன் உடம்பில் சேர்த்தது. அந்த உடம்பில் எவ்வளவு அதே மண்ணுக்குத் திரும்பியது என்பதில்தான் வித்தியாசம்.

காட்டுக்கு யாரும் உரம் போடுவதில்லை. உதிர்ந்தது அங்கேயே கிடக்கிறது என்பதால் அதற்குத் தேவையும் இல்லை. தோப்பில் அப்படி விட முடியாது, வெட்டி விற்கத்தான் நடுகிறோம். ஆகவே அடுத்த முறை லோடு ஏற்றும்போது, விலை எவ்வளவு என்று பார்ப்பதோடு, நிலத்தில் என்ன மிச்சம் கிடக்கிறது என்றும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் நிலத்தின் மதிப்பு அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.